நர்சம்மா கையில் ஒரு டேப்

செவிலியர் பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுக்கப் போகும்போது பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்பேன். முதல் கேள்வி: "ஒரு வயசுக் குழந்தை எத்தனை கிலோ இருக்கணும்?" வகுப்பே சேர்ந்து பதில் சொல்லும். பிறந்த எடையைப் போல ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி: "அந்தக் குழந்தையோட அம்மா 150 சென்டிமீட்டர் உயரம். அவங்க எடை எத்தனை கிலோவுக்குள்ள இருக்கணும்? அவங்க இடுப்பை அளக்கச் சொன்னா, டேப்பை எந்த இடத்தில் வைப்பீங்க?" வகுப்பு அமைதியாகிவிடும். ஒருத்தி தொப்புளைக் காட்டுவாள். இன்னொருத்தி பாவாடை நாடா கட்டும் இடத்தைக் காட்டுவாள்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். இந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவே மாட்டேன். எங்கள் தலைமுறைக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. எங்கள் தொழில் வளர்ந்த விதமே அப்படி.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மெலிந்த உடம்பைக் கண்டுபிடிக்கத்தான். 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்து, மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை மாதாமாதம் நிறுத்து எடைபோட ஆரம்பித்தார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். பசியும் ரத்தசோகையும் பிரசவத்தில் தாய் இறப்பதும்தான் அன்றைக்கு எங்கள் எதிரிகள். அவற்றோடு மல்லுக்கட்டித்தான் தமிழ்நாட்டுச் செவிலியர் பெயர் வாங்கினார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஊர் மாறிவிட்டது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9 சதவீதம். ஆண்கள் 28.2-இலிருந்து 37 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறார்கள். எடை குறைந்த பெண்கள் 12.6 சதவீதம்தான். அதாவது, ஒல்லியான ஒரு பெண்ணுக்கு எடை கூடிய மூன்று பெண்கள். அதே ஆய்வில் 53.4 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை. உடம்பு பெருத்திருக்கும், இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். இப்படிப்பட்ட பெண்களைத்தான் இன்றைய நர்சம்மா தினமும் பார்க்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 40.4 சதவீதம், பி.எம்.ஐ. என்ற, உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் 25-ஐத் தாண்டியவர்களின் எண்ணிக்கை. நம் நாட்டு மருத்துவர்கள் நமக்கென்று சொன்ன கோடு 23. அந்தக் கோட்டை வைத்து எண்ணினால் கூட்டம் இன்னும் பெரிதாகும்.

இந்தக் கூட்டத்தை டாக்டர் ஒருவரால் பார்க்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நோயாளிக்கு அவருக்குக் கிடைப்பது சில நிமிடம். வீட்டுப் படியேறி, அடுப்படி வரைக்கும் போய், மாமியார் யார், வீட்டுக்காரர் குடிப்பாரா, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று அத்தனையும் தெரிந்தவள் நர்சம்மா ஒருத்திதான். உடல் பருமனைச் சரியாக அளக்கவும், மனம் நோகாமல் பேசவும், கூடவே வரவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், இந்த மாநிலத்தின் சர்க்கரை நோய்க் கணக்கே மாறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அளக்கத் தெரிய வேண்டும்

எடை பார்ப்பது எளிது என்று எல்லோரும் நினைக்கிறோம். மேடு பள்ளமான திண்ணையில் எடை மெஷினை வைத்தால் அது காட்டுவது பொய். தரை சமமாக இருக்க வேண்டும். ஏறுவதற்கு முன் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றி, கையிலிருக்கும் பையையும் இடுப்பிலிருக்கும் குழந்தையையும் இறக்கிவைத்துவிட்டு ஏறச் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு மெஷின், இந்த மாதம் இன்னொரு மெஷின் என்றால் இரண்டு கிலோ கூடியதா குறைந்ததா என்று பேசவே முடியாது.

உயரத்தைப் பெரும்பாலும் கேட்டு எழுதிவிடுவார்கள். அது கூடாது. பி.எம்.ஐ. கணக்கில் உயரத்தால் இரண்டு முறை வகுக்கிறோம். நாலு சென்டிமீட்டர் தப்பினால் கணக்கே தடம் மாறிவிடும். குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க, கொண்டையை அவிழ்த்துவிட்டு அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு முறை ஒழுங்காக அளந்து பதிவேட்டில் எழுதிவிட்டால் பல வருஷத்துக்குப் போதும்.

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் ஒரு முறை வகுத்து, வந்த விடையை மறுபடியும் அதே உயரத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டுக் கணிதர் 1830-களில் கண்ட கணக்கு இது. மக்கள் தொகையைப் பற்றிப் படிக்க அவர் போட்டதை, ஒருத்தர் உடம்புக்கு மருத்துவம் பார்க்க நாம் எடுத்துக்கொண்டோம். அதனால் அதன் எல்லையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பில் கேட்ட அம்மாவுக்கே வருவோம். உயரம் 150 சென்டிமீட்டர், எடை 56 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 56-ஐ 2.25-ஆல் (1.5 × 1.5) வகுத்தால் 24.9. உலகம் முழுக்கப் பொதுவாக வைத்திருக்கும் 25 என்ற கோட்டுக்கு அவள் உள்ளேதான் இருக்கிறாள். "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவோம். ஆனால் இந்தியர்களுக்கான கணக்கில் 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். அவள் உயரத்துக்கு 42-இலிருந்து 51 கிலோ வரை இருப்பதுதான் நல்லது. இப்போது இடுப்பை அளக்கிறோம். 86 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களுக்கு எல்லை 80, ஆண்களுக்கு 90. ஆக, "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போமே, அதே அம்மா சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் உடனே பரிசோதிக்கப்பட வேண்டியவள்.

நமக்கு ஏன் தனிக் கோடு? புனேயில் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. உடம்பிலிருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லியாக இருந்தாலும் நம் ஆட்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிப் போய்ச் சேருகிறது. கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். நம் ஊர் ஆண்கள் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது, பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம் பேருக்கும், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கும் இருந்தது. எடை மெஷினை மட்டும் நம்பினால் பத்தில் ஒருவரைத் தவறவிடுவோம்.

அதனால்தான் டேப், டேப் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வைக்கும் இடம் இதுதான்: பக்கவாட்டில் விரலால் தடவி, கடைசி விலா எலும்பின் அடியைக் கண்டுபிடியுங்கள். அப்படியே கீழே வந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப். கால் சேர்ந்து நிற்க வேண்டும், கை தொங்க வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் படிக்க வேண்டும். டேப் முதுகுப் பக்கம் கீழே இறங்கியிருக்கக் கூடாது. தோலில் படிய வேண்டும், இறுக்கக் கூடாது.

சேலைக் கொசுவத்துக்கு மேல் டேப்பைச் சுற்றி எழுதிய அளவைக் குப்பையில் போடலாம். ஆனால் சேலையைத் தளர்த்தச் சொல்ல வேண்டுமென்றால் கதவு இருக்கிற அறை வேண்டும். துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கு நாற்பது பேர் காத்திருக்கும்போது நடுக் கூடத்தில் இதைச் செய்ய முடியாது. ஒரு திரைச்சீலை கட்டினால்கூடப் போதும். அதைக் கட்டித்தர ஊராட்சியால் முடியும்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மருத்துவ வழிகாட்டுதல் தரும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் சொன்னது: உங்கள் இடுப்பு, உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பில் சுற்றிப் பாருங்கள். முனை இரண்டும் தொடாவிட்டால் கவனிக்க வேண்டும். நம் 150 சென்டிமீட்டர் அம்மாவுக்குப் பாதி 75. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட இது ஒரு நிமிடத்தில் புரியும்.

கழுத்தையும் பாருங்கள், தூக்கத்தையும் கேளுங்கள்

அளவு எடுத்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பின்கழுத்தில் கருப்பாக, வெல்வெட் மாதிரித் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். செயின் போட்டதால் வந்தது, அழுக்கு என்று சொல்லி மஞ்சளும் கடலை மாவும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு வெளியே காட்டும் அடையாளம் அது. பத்தாவது படிக்கிற பெண்ணிடம் அதைப் பார்த்தால், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையின் நூல் அங்கே கிடைக்கும்.

ராத்திரி குறட்டை விடுகிறாரா, மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்தாலே தூங்கிவிடுகிறாரா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். முட்டிவலி எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கியதா என்று கேளுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும். சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்களின் முயற்சியால் எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரை பார்ப்பது இந்த மாநிலத்தில் எப்போதோ வழக்கமாகிவிட்டது. ஆனால் குழந்தை பிறந்ததும் அந்தத் தாயின் அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. பிற்காலத்தில் சர்க்கரை நோய் வர அதிக வாய்ப்புள்ளவள் அவள்தான். குழந்தையின் தடுப்பூசிக்கு அவள் வரும் ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் எடையையும் பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பு.

சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். சர்க்கரைக்குப் போடும் இன்சுலினும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் எடையை ஏற்றக்கூடும். மனநோய்க்குக் கொடுக்கும் ஓலன்சபின், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நாளாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு எல்லாம் அப்படித்தான். "மாத்திரையை நிறுத்துங்க" என்று நாம் ஒருபோதும் சொல்லக் கூடாது. குறித்துக்கொண்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களும் இதில் உண்டு. இத்தனை காரணம் இருக்கும்போது "வாயைக் கட்டுங்க" என்ற ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுப்பது நியாயமே இல்லை.

பேசும் விதம்

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். "என்னம்மா இப்படி ஊதிட்டே?" என்று கூட்டத்தில் சத்தமாகக் கேட்பது நம் ஊரில் அக்கறை என்று நினைக்கப்படுகிறது. கேட்கப்பட்டவள் அடுத்த முறை வரமாட்டாள். குழந்தைக்கு ஊசி போட மாமியாரை அனுப்புவாள். சர்க்கரை பார்க்கவே வராமல் போய், கால் புண்ணோடு ஒருநாள் வருவாள். பருமனானவர்களைச் சோம்பேறி என்றும் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்றும் மருத்துவத் துறையில் இருப்பவர்களே நினைக்கும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. 2020-இல் வந்த கனடா நாட்டு உடல் பருமன் வழிகாட்டுதல், எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை முதல் படியாகவே வைத்திருக்கிறது.

நம் பாஷையில் அது இப்படி இருக்கும்:

"அக்கா, பிரஷர் பார்த்தாச்சு, கொஞ்சம் கூடத்தான் இருக்கு. உடம்பு எடையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசலாமா? இன்னைக்கு வேணாம்னா அடுத்த வாரம் பேசுவோம்."

"பேசலாம் நர்சம்மா. நான் ஒண்ணும் அதிகமாச் சாப்பிடுறதில்ல. காலைல பல்லுல பச்சத் தண்ணி படாது."

"நம்புறேன்க்கா. காலைல எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?"

"ஏழு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்துரும். டீ மட்டும் குடிச்சிட்டு ஓடுவேன். அங்க பதினோரு மணிக்கு ஒரு டீ, வடை. சாயங்காலம் வந்து சமைச்சு, எல்லாருக்கும் போட்டுட்டுச் சாப்பிட ஒன்பதரை ஆயிரும்."

இந்த நாலு வரியில் அவள் நாள் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏழு மணியிலிருந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை. காலைச் சாப்பாடு இல்லை. ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சோறு. இவளிடம் "காலையில் ஓட்ஸ் சாப்பிடுங்கள், ஜிம்முக்குப் போங்கள்" என்று அச்சடித்த தாளை நீட்டினால் என்ன பிரயோஜனம்? எதை மாற்ற முடியும் என்று அவளையே சொல்ல வைக்க வேண்டும். முதல்நாள் சோற்றில் மோர் விட்டுக் கரைத்து, ஒரு கை சுண்டலோடு காலையில் சாப்பிட்டுவிட்டுப் போக முடியுமா? பதினோரு மணி வடைக்குப் பதில் வேகவைத்த கடலை வாங்க முடியுமா? ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவர வீட்டில் யார் உதவுவார்கள்? இதில் ஏதாவது ஒன்றுக்கு அவள் சரி என்றால் அன்றைக்குப் போதும். அதை எழுதிவைத்து, அடுத்த மாதம் மறக்காமல் கேட்க வேண்டும். கேட்பதுதான் மருந்து.

அடுப்படிக் கணக்கு

"எண்ணெயைக் குறைங்க" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "மாசத்துக்கு எத்தனை பாக்கெட் எண்ணெய் வாங்குறீங்க? வீட்ல எத்தனை பேர்?" என்று கேளுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் ரேஷன் பாமாயில் ஒன்று, கடையில் வாங்குவது நாலு என்று ஐந்து லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராமுக்குக் கிட்ட வரும். கிராமுக்கு 9 கலோரி என்றால், கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெயிலிருந்து மட்டும் 340 கலோரி. வெளியே சாப்பிடும் புரோட்டாவும் காராச்சேவும் இந்தக் கணக்கில் வரவில்லை. எண்ணெய்ப் புரோட்டாவுக்கு விருதுநகர், சேவுக்குச் சாத்தூர், பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு அதெல்லாம் தொடாதே என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நல்ல நாளுக்கு உள்ளதை நல்ல நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒரு பாக்கெட் எண்ணெய் குறைத்தால் ஆளுக்குத் தினமும் கிட்டத்தட்ட 70 கலோரி குறையும், காசும் மிச்சம். பெண்களுக்கு இந்தக் காசுக் கணக்கு பிடித்திருக்கிறது.

டீயும் அப்படித்தான். ஐந்து டீ, டீக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் தினமும் 40 கிராமுக்கு மேல் போகிறது. சீனியை ஒரு கரண்டியாக்கினாலே பாதி குறைந்துவிடும்.

சோற்றைப் பற்றிப் பேசும்போது கவனமாகப் பேச வேண்டும். 2011-இலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைத் தீர்த்த அரிசி அது. அதைப் பழித்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்போ பயறோ முட்டையோ மீனோ. கால் பங்கு சோறு. இப்படித் தட்டையே காட்டிச் சொன்னால் புரியும். காய் விலை ஏறும் மாதத்தில் முருங்கைக்கீரையும் தட்டைப்பயறும் கைகொடுக்கும். முதலில் வீட்டு ஆம்பளைக்கும் பிள்ளைகளுக்கும் குழம்பில் உள்ள காயெல்லாம் போய், கடைசியில் உட்காரும் அம்மாவுக்குச் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சுகிறதே, அதையும் மாமியார் இருக்கும்போதே பேச வேண்டும்.

நடப்பது வாரத்துக்கு 150 நிமிடம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்கே நடப்பது? விளக்கில்லாத ரோடு, துரத்துகிற நாய், வழியில் மதுக்கடை. அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அமைத்தது. நல்ல வேலை. அதே மாதிரி ஒவ்வொரு ஊரிலும் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தின் கேட்டைப் பெண்களுக்குத் திறந்துவிடச் சொல்லிக் கிராமசபையில் கேட்கலாம். சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் சேர்ந்து நடந்தால் யாரும் கேலி பேசமாட்டார்கள்.

எவ்வளவு குறைந்தால் போதும்?

இருபது கிலோ குறைய வேண்டும் என்று சொன்னால் மனம் சோர்ந்துபோகும். இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் மட்டுப்படும். 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரை கிலோவிலிருந்து ஏழு கிலோ. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளட்டும்.

எடை இறங்கவில்லை என்றாலும் விட்டுவிடக் கூடாது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் எல்லையில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு மூன்று வருஷத்தில் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. இதை ஒவ்வொரு செவிலியரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "எடை குறையல, எதுக்கு நர்சம்மா இதெல்லாம்" என்று கேட்பவரிடம், உள்ளே உடம்பு நல்லதாகிக்கொண்டிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். இது நம் சென்னையிலேயே, நம் மக்களிடமே நிரூபிக்கப்பட்டது.

இப்போது ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். மவுஞ்சாரோ, வெகோவி என்ற எடை குறைப்பு ஊசிகள் 2025-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. நன்றாக வேலை செய்யும் மருந்துகள்தான். டாக்டர் எழுதிக்கொடுத்துத்தான் போட வேண்டும். குமட்டலும் வாந்தியும் வரலாம், கொழுப்போடு தசையும் கரையலாம், நிறுத்தினால் எடை திரும்ப ஏறும். இவ்வளவையும் நர்சம்மா தெரிந்துவைத்திருந்தால், யூடியூப் பார்த்துப் பொடியும் கஷாயமும் வாங்கிக் காசை விடுபவர்களைத் தடுக்க முடியும்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

நம்மிடம் ஏற்பாடு இல்லாமல் இல்லை. தொற்றா நோய்களைக் கண்டுபிடிக்க, 30 வயதைக் கடந்தவர்களுக்கு நிரப்பும் படிவத்திலேயே இடுப்புச் சுற்றளவுக்கு மதிப்பெண் இருக்கிறது. பெண்ணுக்கு 80-க்கு மேல் 1, 90-க்கு மேல் 2. ஆணுக்கு 90-க்கு மேல் 1, 100-க்கு மேல் 2. படிவத்தின் மற்றக் கேள்விகளுக்கான மதிப்பெண்ணையும் சேர்த்து மொத்தம் 4-ஐத் தாண்டினால் முதலில் பரிசோதிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிறது. ஆட்கள் இருக்கிறார்கள், படிவம் இருக்கிறது. அளவைச் சரியாக எடுக்கக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பதும், எடுத்த அளவை யாராவது படித்துப் பார்ப்பதும்தான் குறைகிறது.

செவ்வாய் கர்ப்பிணிப் பரிசோதனை, புதன் தடுப்பூசி, மற்ற நாளெல்லாம் வீடு பார்ப்பது, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணினியில் பதிவேற்றம் என்று ஓடும் பெண்ணின் தலையில் இன்னொரு பதிவேட்டை வைக்காதீர்கள். அவளும் இதே ஊர்ப் பெண்தான். நேரத்துக்குச் சாப்பிடாமல், தூங்காமல், அவள் உடம்பும் பருத்துப்போயிருக்கிறது. முதலில் அவளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்யுங்கள். இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். அதில் ஒரு நாள் முழுக்க டேப்பும் கையுமாக, ஒருவரை ஒருவர் அளந்து பழகட்டும். இன்னொரு நாள் பேசிப் பழகட்டும். துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு நல்ல எடை மெஷின், சுவரில் ஒரு உயர அளவுகோல், நீளாத டேப், ஒரு திரைச்சீலை கொடுங்கள். வட்டாரத்துக்கு ஒரு உணவியல் நிபுணரைப் போடுங்கள். அனுப்பிவைக்க ஓர் இடம் இல்லாமல் கண்டுபிடித்து மட்டும் என்ன செய்வது?

செவிலியராக இருக்கும் தங்கைகளுக்குச் சொல்வது இதுதான்: நாளைக்குப் பார்க்கப் போகும் முதல் வீட்டிலேயே டேப்பை எடுங்கள். அனுமதி கேளுங்கள், சரியான இடத்தில் வைத்து அளந்து பாருங்கள், ஒரே ஒரு மாற்றத்தைப் பேசி முடிவு செய்யுங்கள், அடுத்த மாதம் கேளுங்கள்.

படிக்கும் மற்றவர்களுக்கு: வீட்டுக்கு வரும் நர்சம்மா இடுப்பை அளக்கலாமா என்று கேட்டால் வெட்கப்படாமல் சரி என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால், "எனக்கும் அளந்து பாருங்க" என்று நீங்களே கேளுங்கள்.